மாங்குயில் படம்

ஞானசேகரன் தன் இணையதளத்தில் ‘என்னைப் பற்றி’ என்றொரு பக்கத்தைப் புதிதாகச் சேர்த்திருந்தான். வெப் டிசைனர், அன்பான கணவர், பறவைகளைப் படமெடுப்பதில் தீராத ஆர்வம் உடையவர் என்றெல்லாம் அதில் இருந்தது. கீழே, குஞ்சுக்குப் புழு ஊட்டும் மாங்குயிலின் படம். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று, ஐந்து நாள் காலையில் சன்னல் வழியாகக் காத்திருந்து அவன் மனைவி தமயந்தி எடுத்த படம் அது. “உள்ள போனா வெளியவே வரமாட்டியா?” என்று ஐந்து நாளும் கதவை இடித்தவர்தான் அந்த அன்பான கணவர்.

படத்தைப் பார்த்துவிட்டு, காட்டோரம் விடுதி நடத்தும் மருதப்பன் வீடு தேடி வந்தார்.

“இதுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க சார்?”

“அஞ்சு நாள் சார். பறவைன்னா பொறுமை வேணும்” என்றான் ஞானசேகரன்.

காபி கொண்டுவந்த தமயந்திக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த ஆளிடம் ஒரு நல்ல வார்த்தை கேட்கவா இத்தனை வருடம் ஏங்கினோம் என்றிருந்தது.

“அப்ப எங்க பறவைங்களையும் நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க. கார் வெளியதான் நிக்குது, இப்பவே போயிடலாம்” என்றார் மருதப்பன்.

ஞானசேகரன் மனைவியைப் பார்த்தான். அவன் கண்கள் இப்படிக் கெஞ்சி அவள் இதற்குமுன் பார்த்ததே இல்லை. தமயந்தி உள்ளே போய்க் கேமராவை எடுத்துவந்து அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

“லென்ஸ் மூடியைக் கழட்டிட்டு எடுங்க” என்றாள்.

மருதப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். ஞானசேகரனும் கூடவே சிரித்தான். கிள்ளி எடுக்க வேண்டிய மூடியை அவன் விரல்கள் திருகிக்கொண்டிருந்தன.