இருபத்திரண்டு அடிப் போர்வை

மூன்றாவது முறையாக ஊசி எம்லினின் கட்டைவிரலில் ஏறியது. “கவலைப்படாத தம்பி, சிவப்புத் துணியில ரத்தம் பட்டாத் தெரியாது” என்று தாடிக்குள் சிரித்தார் ஹெஃபின்.

லான்ஃபெரெக் தேவாலயத்தை ஒட்டிய பழைய கூடத்தில் வியாழன்தோறும் கூடும் ஒட்டுத்துணிப் போர்வைக் குழுவுக்கு எம்லின் வருவது இது ஏழாவது வாரம். மரச்சட்டத்தைச் சுற்றி நான்கு நாற்காலிகள். சட்டத்தில் இழுத்துக் கட்டியதுபோக மிச்சப் போர்வை பாய்போலச் சுருண்டு கிடந்தது. மொத்தம் இருபத்திரண்டு அடி. எந்தக் கட்டிலுக்கு என்று யாரும் கேட்டதில்லை.

பொத்தான்கூடத் தைக்கத் தெரியாதவன் இப்படி விழுந்து விழுந்து தைக்கப் போகிறானே என்று எம்லினின் மனைவிக்கு ஆச்சரியம். அவளிடமும் அவன் உண்மையைச் சொல்லவில்லை. அவன் கவுன்சில் ஊழியன். கூடத்தைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸைக் குழுத் தலைவியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க அனுப்பப்பட்டவன்.

முதல் வியாழன் அன்று மழையில் நனைந்துபோய்க் கதவைத் திறந்தான். நரைத்த கொண்டையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு அம்மாள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். நெஸ்டா.

“வந்துட்டீங்களா! எத்தனை நாளா உங்களுக்காகக் காத்துட்டு இருக்கேன் தெரியுமா?”

இப்படி வரவேற்பவரிடம் நோட்டீஸை எப்படி நீட்டுவது? அவன் வாயைத் திறப்பதற்குள் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கையில் ஊசியைக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம், பக்கத்து நாற்காலியில் தைக்கும் எலூனெட் சூடான திராட்சை ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தார். நான்காம் வாரம் அவன் நாற்காலியில், அவன் பெயரைத் தைத்த ஒரு குஷன். பெயரில் ஒரு எழுத்து குறைந்தது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டு எந்த வாயால் நோட்டீஸைப் பற்றிப் பேசுவது?

ஆனால் இன்று காலை அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். “அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து வரணும். வரலன்னா நாளைக்கு நீயும் வர வேணாம்.”

சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பது.

“நெஸ்டாம்மா, இந்த மூலைக்குப் பச்சையா நீலமா?” என்று கேட்டார் எலூனெட்.

“உனக்கு எது தோணுதோ அதை வை.”

ஏழு வாரமாக எந்தக் கேள்விக்கும் நெஸ்டாவின் பதில் இதுதான். கை தேர்ந்தவர்கள் அதிகம் பேசமாட்டார்கள் என்று எம்லின் நினைத்துக்கொண்டான்.

அவன் எழுந்து நின்றான். “ஒரு விஷயம் சொல்லணும். எல்லாரும் என்னை மன்னிக்கணும்.”

“ஊசிய முழுங்கிட்டியா?” என்றார் ஹெஃபின்.

“இல்ல அண்ணே. நான் தைக்க வந்தவன் இல்ல. கவுன்சில்லேருந்து வந்தேன். இந்தக் கூடத்தை மூடச் சொல்லி என்னை அனுப்பியிருக்காங்க.”

எலூனெட்டின் நூல் பாதியில் நின்றது. ஹெஃபின் கத்தரிக்கோலை மெல்லக் கீழே வைத்தார். அவர் தாடி துடித்தது. அடி விழப்போகிறது என்று எம்லின் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஏழே வாரத்துல சொல்லிட்டியேடா!” ஹெஃபினின் குரல் தழுதழுத்தது. “ஒயரெல்லாம் பழசு, கரண்டைத் துண்டிச்சிட்டு வான்னு என்னை அனுப்பினாங்க. ஒன்பது வருஷமாச்சு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. கடைசியில மனசு கேக்காம நானே புது ஒயர் போட்டுட்டேன்.”

“அடப்பாவி மனுஷா!” எலூனெட் துள்ளி எழுந்தார். “நீ பரம்பரைத் தையல்காரன்னு நெனச்சுல்ல நான் ஆறு வருஷமா வாயைத் திறக்கல! கூரை எப்ப வேணா விழும், பூட்டி சீல் வைன்னு அனுப்பினாங்க என்னை!”

மூன்று பேரும் ஒருமுறை மேலே பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு மூன்று பேரும் நெஸ்டாவைப் பார்த்தார்கள். இத்தனை பொய்யர்களுக்கு நடுவே அந்த அம்மாள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். எம்லினுக்கு அவமானத்தில் காது சிவந்தது. அவர் காலடியில் மண்டியிட்டான்.

“அம்மா, நாங்க எல்லாரும் உங்களை ஏமாத்திட்டோம். இது உங்க குழு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்த நோட்டீஸை இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன். வேலை போனாப் போகட்டும்.”

சொன்னதும் அவன் நெஞ்சிலிருந்து ஏழு வாரப் பாரம் இறங்கியது. இந்தக் கூடத்துக்காக அவன் எதையும் இழக்கத் தயாராக இருந்தான்.

நெஸ்டா கண்ணாடியைக் கழற்றிப் போர்வையின் ஓரத்தில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, தேவாலயக் கமிட்டி என்னை இங்க அனுப்பிச்சுது. தையல் குழுக்காரங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டு, சாவிய வாங்கிட்டு வான்னாங்க.”

“நீங்களுமா!” என்றார் ஹெஃபின். “சரி, சாவியக் குடுத்தாங்களா?”

“குடுக்க ஆள் வேணாமா? கதவு சும்மா திறந்து கெடந்துச்சு. ஒரு மரச்சட்டம், ஒரு முழத் துணி, ஒரு ஊசி. வருவாங்க, நேர்ல சொல்லிட்டுப் போயிடலாம்னு உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியல, ஊசிய எடுத்தேன்.”

எம்லின் மண்டியிட்டபடியே கேட்டான்.

“அப்புறம், அந்தத் தையல் குழுக்காரங்க வந்தாங்களா இல்லையா?”

“நீங்க மூணு பேர்தான் வந்தீங்க.”