அட்மின் மட்டும்

டியூஷன் டீச்சருக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

பின்னே என்ன? காலையில் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு வரி: 'நாலாவது மாடி டைலர் காலமாகிவிட்டார்.' போட்டவர் அட்மின். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. இந்தக் கட்டடத்தில் அது யாருக்கும் ஞாபகமில்லை.

டீச்சர் பதறிப்போனார். டைலர் தங்கமான மனுஷர். மெழுகுவத்திப் படம் ஒன்று போனிலேயே இருந்தது, போன வருஷம் யாருக்கோ அனுப்பியது. அதையே போட்டு, கீழே இரண்டு கும்பிட்ட கைகளும் வைக்கலாம் என்று பார்த்தால் எழுதுகிற இடத்தையே காணோம். 'அட்மின் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்' என்று வந்து நின்றது. மனுஷன் குரூப்பையே பூட்டிவிட்டார்.

சாவில்கூடவா அதிகாரம்? நாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால் டைலர் வீட்டம்மா என்ன நினைப்பார்?

இரண்டாவது மாடி பேங்க்காரருக்குப் போன் போட்டார். அவர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார். குட் மார்னிங் போடாதே என்றதைப் பொறுத்துக்கொண்டாயிற்று, இதைப் பொறுக்க முடியாது என்றார்.

"சம்சாரம் போனதுலேர்ந்தே அந்த ஆள் ஒரு மாதிரிதான். அட்மின் பதவியிலேர்ந்து தூக்கிடணும். இன்னிக்கு ஒரு கை பார்த்துடலாம், வாங்க டீச்சர்."

பேங்க்காரர் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டார். முதல் மாடிப் புது ஜோடியும் சேர்ந்துகொண்டது. அட்மின் வீடு பூட்டிக் கிடந்தது. ஆள் நாலாவது மாடியில் இருக்கிறார் என்றார் வாட்ச்மேன். அந்த லிஃப்டில் மூன்று பேர் நின்றாலே மூச்சு முட்டும். எல்லோரும் படியேறினார்கள், வாயில் வசவு தயாராக இருந்தது.

டைலர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒன்றிலும் ஆளில்லை. கூடத்தில் டைலர் படுத்திருந்தார், காலடியில் அவர் மனைவி தனியாக. தையல் மிஷினில் ஊசிக்குக் கீழே பாதி தைத்த யூனிஃபார்ம். டீச்சர் மகளுடையது.

"வந்துட்டீங்களாம்மா..." என்று அந்த அம்மாள் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்துபோனார். சண்டைக்கு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். நிஜமாகவே அழுதார்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தபோது வராந்தாவில் அட்மின் நின்றிருந்தார். பேங்க்காரர் அவரை விடுவதாக இல்லை. டீச்சருக்கும் மனசு ஆறவில்லை.

"எல்லாம் சரி சார். ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லக்கூட விடாம குரூப்பைப் பூட்டினது நியாயமா?"

"சொல்லுங்களேன். அந்தம்மா உள்ளேதான் இருக்காங்க. கதவைப் பூட்டலையே."

"இப்பவாவது திறங்க" என்றார் பேங்க்காரர்.

"மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் திறக்க மாட்டேன். என்னைத் தூக்கணும்னா தாராளமா தூக்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி இவரைத் தூக்கணும். லிஃப்ட்ல படுக்கவைக்க இடம் போதாது, படி வழியாத்தான் இறக்கணும்."

பேங்க்காரரின் மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அட்மின் டீச்சர் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"போன வருஷம் என் சம்சாரம் போனப்போ குரூப் திறந்துதான் இருந்தது. சாயங்காலம் வரைக்கும் கும்பிட்ட கையா வந்து குவிஞ்சுது. ஆனா அவளைத் தூக்கிட்டு இந்தப் படியில இறங்கினது நானும் இந்த டைலரும் மட்டும்தான்."