ஜன்னல் வழியே ஒரு குழந்தை

ஜன்னல் வழியே உள்ளே வந்தது குழந்தை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் வாங்கிவிட்டாள். யோசிக்கவில்லை. வெளியே இரண்டு கைகள் நீட்டின. உள்ளே இரண்டு கைகள் வாங்கின.

முகத்தைப் பார்ப்பதற்குள் கொடுத்த பெண் பின்படிக்கட்டுக் கூட்டத்தை நோக்கி ஓடிவிட்டாள்.

ஆண்டிபட்டியில் பேருந்து அதிக நேரம் நிற்காது. விசில். கிளம்பிவிட்டது.

திரும்பிப் பார்த்தாள். தலைகள். பைகள். கம்பியைப் பிடித்த கைகள்.

ஏறினாளா?

யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதே என்று தேனியில் ஏற்றிவிடும்போது அம்மா சொல்லியிருந்தாள். பிஸ்கட், தண்ணீர், மாத்திரை. குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பதினேழு வயது. தனியாகப் போகும் முதல் பயணம். மதுரையில் விடுதி வாசலில் கைக்குழந்தையோடு போய் நின்றால்?

அதுவரை தூங்கிவந்த பக்கத்து இருக்கைக்காரி கண் விழித்து எட்டிப் பார்த்தாள்.

"ஒந் தம்பியா பாப்பா?"

"இல்ல. யாருதுன்னு தெரியல."

"நல்லாப் பாத்து வாங்குன, போ. இப்பிடித்தான் குடுத்துட்டுப் போயிர்றாளுக."

கண்டக்டரிடம் சொல்லலாம். இவளே எங்கிருந்தோ திருடிக்கொண்டு வந்தாள் என்று அவர் நினைத்துவிட்டால்?

கணவாய் வளைவுகளில், தூங்கும் குழந்தையின் தலை அவள் முழங்கையில் உருண்டது. தாங்கிக்கொண்டாள். மிகவும் சூடாக இருந்தது. எல்லாக் குழந்தைகளின் தலையும் இப்படித்தான் இருக்குமா?

பாட்டு அலறியது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது.

உசிலம்பட்டியில் பாதிக் கூட்டம் இறங்கியது. பக்கத்து இருக்கைக்காரியும் இறங்கிப்போனாள்.

பின்னாலிருந்து ஒரு பெண் வந்து கைகளை நீட்டினாள்.

"குடு பாப்பா."

அந்தக் கைகள்தானா? தெரியவில்லை.

கொடுக்காமல் கேட்டாள்.

"புள்ளைக்குப் பேரு என்ன?"

"இன்னும் பேரு வைக்கல."

இவள் குழந்தையை நெஞ்சோடு இறுக்கினாள்.

இறுக்கியதில் விழித்துக்கொண்டது. வீறிட்டது.

 அந்தப் பெண் அவசரமாக முந்தானையை இழுத்து மூடினாள். அதற்குள் ரவிக்கையில் ஈரம் பரவிவிட்டிருந்தது. இரண்டு பக்கமும்.

கொடுத்தாள்.

அந்தப் பெண்ணை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். ஷட்டரை இறக்கினாள். தன் துப்பட்டாவை எடுத்து விரித்துப் பிடித்தாள்.

எதிர் வரிசையில் ஒருவன் இந்தப் பக்கம் திரும்பினான்.

அவன் கண்களையே பார்த்தாள்.

அவன் வேறெங்கோ பார்க்கத் தொடங்கும்வரை.