ஐந்து போட்ட கை

தடதடவென்று தையல் மெஷின் ஓடும் சத்தம். மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து, அந்தத் தாளத்துக்கே வாய்ப்பாடு ஒப்பிக்கும் ஆறு வயதுக் குரல்.

பள்ளிக்கூட மாடிப்படியைக் கைப்பிடியைத் தடவித் தடவி ஏறும்போது தையல்காரியின் காதில் கேட்டது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தச் சத்தமும் மகளின் அந்தக் குரலும்தான். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியின் வாழ்க்கையைக் கெடுத்த மனிதர் மேலே இருக்கிறார்.

வேதியியல் ஆசிரியர். அரை மார்க்கைக்கூடச் சும்மா தராதவர் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் 'அரை மார்க்'.

"வாங்கம்மா." நாற்காலியை இழுத்து அவள் கைக்கு எட்டும்படி வைத்தார்.

"உட்கார வரலை சார்." ரிசல்ட் தாளை மேசைமேல் அறைந்தாள். "உங்க பாடத்துல என் பொண்ணு ஏழுக்கு ஏழு. நீங்க என்ன எழுதி அனுப்பினீங்க?"

"அஞ்சு."

அது வெளிநாட்டுப் பாடத்திட்டப் பள்ளி. உதவித்தொகையில் கிடைத்த இடம். பரீட்சைக்குப் பல மாதம் முன்பே, 'இந்தப் பிள்ளை இவ்வளவு வாங்கும்' என்று அங்கே ஆசிரியர்கள் கணித்து எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் கடல் தாண்டிய பல்கலைக்கழகங்கள் இடம் தரும். விண்ணப்பித்த நாலும் கைவிரித்துவிட்டன.

"மத்த வாத்தியாருங்க எல்லாரும் ஏழு போட்டாங்க. உங்க கைக்கு மட்டும் என்ன வந்துச்சு? உங்க வீட்டுச் சொத்தையா எழுதிக் கேட்டேன்?"

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார்.

"தினம் விடிஞ்சதும் எனக்குப் பத்து ஊசியில நூல் கோத்து வெச்சுட்டு, அப்புறம் புத்தகத்தை எடுக்கிற பொண்ணு சார் அவ. அவ வயித்தெரிச்சல் உங்களைச் சும்மா விடாது. இந்த ஏழாம் நம்பரை இப்பவாவது கண்ணைத் திறந்து பாருங்க!"

அவள் விரல் தாளில் ஓரிடத்தைக் குத்திக் காட்டியது.

விரலுக்கடியில் தாள் மெல்ல நகர்ந்தது. தலைகீழாகக் கிடந்ததை ஆசிரியர் நேராகத் திருப்பி, சரியான இடம் விரலுக்குக் கீழே வரும்படி வைத்தார்.

"இங்க இருக்கும்மா."

அவள் குரல் இறங்கிவிட்டது.

"என் கண்ணைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னது? டாக்டரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாதே!"

ஆசிரியர் தாளை மடித்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"அவளா?"

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இருபத்தெட்டு வருஷமா மார்க்கை ஏத்தச் சொல்லி எத்தனையோ பேர் வந்திருக்காங்க. குறைக்கச் சொல்லி வந்தது உங்க பொண்ணு மட்டும்தாம்மா. இடம் கிடைச்சா நீங்க விரட்டியாவது அனுப்பிடுவீங்களாம். 'கண் விஷயம் எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் சார்'னா. ரெண்டு தடவை திட்டி அனுப்பினேன். மூணாவது தடவை அழுதா."

அவள் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள்.

"பத்து ஊசி…" என்றாள். "ஏன்டின்னு கேட்டா, 'கை சும்மா இருக்கேன்னு செஞ்சேம்மா'ன்னு சொன்னா. நானும் நம்பினேன்."

"நான் செஞ்சது தப்புதாம்மா. இந்த மார்க்கை வெச்சே அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போடலாம். சொல்லிப் பாருங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் பயந்துகொண்டே கேட்டாள். "அரை மார்க் என்னம்மா சொன்னார்?"

"என்னத்தைச் சொல்வார்? கல்நெஞ்சுக்காரர்." தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அடுத்த வருஷம் மறுபடி போடலாமாம்டி."

"பார்க்கலாம்மா."

அந்த அடுத்த வருஷமும் போய்விட்டது. மகள் எங்கும் விண்ணப்பிக்காமல், அதே பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவுகிறாள்.