பதினைந்து வயதுக்குட்பட்டோர்

கடைசிக் காற்பகுதி ஆட்டம் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கையில், எதிரணியின் ஆசிரியர் நல்லரத்தினம் ஒரு கடதாசியுடன் மைதானத்தைக் கடந்து வந்தார்.

பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்களின் வலைப்பந்து இறுதிப் போட்டி அது. கேதீஸ்வரி டீச்சரின் அணி பத்தொன்பதுக்குப் பதினேழு என்று முன்னால் நின்றது. வென்றால் அடுத்த மாதம் திருகோணமலையில் மாகாணப் போட்டி.

கடதாசியில் ஒரே ஒரு முறைப்பாடுதான் இருந்தது. பத்தொன்பது கோலில் பதினாறைப் போட்ட தக்ஷாயினிக்கு வயது கூட.

டீச்சருக்குக் கோபம் வந்ததே தவிரப் பயம் வரவில்லை. தக்ஷாயினியின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைப் பைக்குள் இருந்து எடுத்து, ஒழுங்கமைப்பாளரின் மேசையில் விரித்து வைத்தார். ஓகஸ்ட் 1994. பதினாலு வயதும் பத்து மாதமும்.

நல்லரத்தினம் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது 2005இல் எடுத்த பத்திரம் அல்லவா என்று கேட்டார்.

நாவலடியில் இருந்த வீட்டையும் தகப்பனையும் சுனாமியில் கடல் கொண்டுபோனபோது பழைய பத்திரமும் போய்விட்டது, அடுத்த வருடம் கரையோரத்தில் பாதிப் பேர் சத்தியக் கடதாசி கொடுத்துத்தான் புதிதாக எடுத்தார்கள் என்று டீச்சர் சற்றுச் சூடாகவே சொன்னார்.

ஒழுங்கமைப்பாளர் இருவரையும் பார்த்தார். பிறகு, பிள்ளையின் தாய் வந்திருக்கிறாரா என்று கேட்டார்.

தாய் வராமல் இருப்பாரா? இடியப்பம் அவித்து விற்றுப் பிழைக்கும் சீதேவி, மூன்று வருடமாக ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிட்டதில்லை. மைதான ஓரத்தில் குந்தியிருந்து, முடிந்ததும் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போவார். விளையாட்டில் இப்படியும் ஒரு தாய்க்கு ஆசையா என்று டீச்சர் பலநாள் மனதுக்குள் மெச்சியிருக்கிறார்.

சீதேவி மரத்தடியில் இருந்து எழுந்து மேசைக்கு வந்தார். பத்திரத்தில் உள்ள திகதி சரியா என்று கேட்டார்கள்.

அவர் திகதியைப் பார்க்கவில்லை. மைதானத்தின் வாசல் கேற்றைப் பார்த்தார். வீதியைப் பார்த்தார். சண்டை முடிந்து நாலு கிழமை ஆகியிருந்தது. வீதியில் ஒரு ஐஸ்கிறீம் வண்டி மட்டும் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

“இப்ப சொன்னா ஒண்டும் இல்லைதானே, டீச்சர்?”

பொலிஸ், வழக்கு என்று பயப்படுகிறார் போலும் என டீச்சர் நினைத்தார். ஒன்றும் வராது, உள்ளதைச் சொல்லுங்கள் என்றார்.

“அது பிழை. என்ட மகளுக்கு வாற ஓகஸ்டோட பதினேழு.”

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சீதேவி அந்தப் பக்க ஆட்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

புதுப் பத்திரம் எடுக்கும்போது மகளுக்குப் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது என்றார். வயதுக்கு மீறிய வளர்த்தி. சண்டைக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோக வருகிறவர்கள் வாசலில் நின்று முதலில் கேட்பது வயதைத்தான். அதனால் இரண்டு வருடத்தைக் குறைத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்திலும் இரண்டு வகுப்புக் கீழே சேர்த்தார். மகளிடம், உன் உண்மையான வயதை மறந்துவிடு என்றார். மூன்று தரம் வந்தார்கள். மூன்று தரமும் மகளின் உயரத்தைப் பார்த்தார்கள், கடதாசியைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

டீச்சர் கதிரையில் இருந்துவிட்டார்.

மூன்று வருடப் பயிற்சி, இந்தக் கிண்ணம், திருகோணமலைப் பயணம் எல்லாம் கண்முன்னால் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. ஏமாற்றிவிட்டாள் என்று கோபிக்க வேண்டிய நேரம். ஆனால் இடாப்பில் பெயர் இருந்தும் வகுப்பில் இல்லாமற்போன பிள்ளைகள் நாலு பேர் நினைவுக்கு வந்தார்கள். நல்லகாலம், மூன்று தரமும் அந்தக் கடதாசியை நம்பிவிட்டார்களே என்றுதான் அவருக்குத் தோன்றியது.

ஒழுங்கமைப்பாளர் தக்ஷாயினியின் பெயரை வெட்டப் பேனையை எடுத்தார்.

அப்போது, வாவிக்கு அந்தப் பக்கம் பழுகாமத்தில் இருந்து எதிரணியோடு வந்திருந்த தாய்மாரில் ஒருத்தி, குடையை மடக்கிக்கொண்டு எழும்பினாள்.

“சேர், எங்கட புள்ளைக்கும் ரெண்டு வயசு கூட.”

நல்லரத்தினம் திரும்பிப் பார்ப்பதற்குள் பக்கத்தில் இன்னொருத்தி எழும்பினாள். பிறகு டீச்சரின் பக்கத்திலேயே இரண்டு பேர். யாரும் யாரையும் கேட்கவில்லை. நாலு வருடம் வாய்க்குள் வைத்திருந்ததை வெளியே விட்டவர்கள்போல அவர்கள் மூச்சு வாங்கினார்கள்.

நல்லரத்தினம் மேசையில் கிடந்த தன் முறைப்பாட்டை எடுத்து, நாலாக மடித்து, சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்தார்.

இந்த வருடம் இந்தக் கிண்ணத்தை யாருக்கும் கொடுக்க ஏலாது என்று ஒழுங்கமைப்பாளர் அறிவித்தார்.

மைதானத்தில் பந்து தேடுவாரற்றுக் கிடந்தது. இரண்டு அணிப் பிள்ளைகளும் ஒன்றாகக் கூடி, எனக்குப் பதினாறு, எனக்குப் பதினேழு என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிச் சிரித்தார்கள். தக்ஷாயினி தன் வயதை இரண்டு தரம் சொன்னாள்.

எதிரணியில் வலையைக் காத்த குட்டைப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு மெய்யாகவே பதினாலு. ஆட்டம் தொடங்கியதில் இருந்து தக்ஷாயினியைத் தடுக்க எம்பி எம்பிக் களைத்தவள் அவள்தான்.

அவள் இடுப்பில் கையை வைத்து, தக்ஷாயினியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, “அக்கா” என்று கூப்பிட்டாள்.