கழற்றிய பல்பு

டத்தோ கிராமாட் சாலையோரம், மதிய வெயிலில், இரவல் பேட்டரியால் உயிர்ப்பித்த பழைய கார் உறுமிக்கொண்டு நிற்கிறது. ஒயர்மேன் ஹாஜா பிடித்திருக்கும் மீட்டரில் எண் பன்னிரண்டைத் தாண்ட மறுக்கிறது. "எஞ்சின் ஓடுது, சார்ஜ் ஏறலையேண்ணே." மூன்று மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். முன் இருக்கையில் ரோசலின் கைப்பையின் வாரை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். டேஷ்போர்டுக்குள் டார்ச் அடித்த ஹாஜா நிமிர்கிறார். "பேட்டரி லைட்டோட பல்பு எங்கண்ணே?" இன்னாசி மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து நீட்டுகிறார். "போன வாரம் செவப்பா மினுக்குச்சு. இவ பயந்தா. கழட்டிட்டேன்." "அந்தப் பல்பு வழியா கரண்டு போனாத்தான் ஆல்டர்னேட்டரே வேல செய்யும்லா!" எஞ்சினை நிறுத்தி, விரல்நுனி அளவேயான பல்பைத் திரும்பப் பொருத்துகிறார் ஹாஜா. சாவியைத் திருப்பியதும் சிவப்பு எரிகிறது. எஞ்சின் பிடித்ததும் அணைகிறது. மீட்டர் பதினான்குக்கு ஏறுகிறது. "சரியாயிடுச்சு, கெளம்புங்க." ரோசலின் மட்டும் சிவப்பு அணைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்னங்க, நேத்து நீங்க போயி வாங்குன என் ஸ்கேன் ரிப்போர்ட்டுல ஒன்னுமில்லன்னுதானே சொன்னீங்க?" இன்னாசி முன்கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைக்கிறார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கிறது.