இருநூற்று நாற்பது கிலோ பருப்பு

பரிசு, ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர். மேனேஜர் குமாரவேல் சார் அதை என் பில்லிங் கவுண்டர் மேல் வைத்துவிட்டு, கையிலிருந்த தாளை மறுபடியும் படித்தார்.

எங்கள் கிளையில் மிக அதிகமாக வாங்கிய வாடிக்கையாளரின் கணக்கு அது. பெயர் கருத்தம்மா. போன மாதம் மட்டும் துவரம் பருப்பு இருநூற்று நாற்பது கிலோ.

கடைக்கு அன்று கடைசி நாள். இரண்டாயிரத்து ஏழில் கம்பெனி திருப்பூரில் ஏழு சூப்பர் மார்க்கெட் திறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பனியன் கம்பெனிக் குடும்பங்கள் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, ஏசிக் காற்றில் சுற்றிச் சுற்றி வருவார்கள். இரண்டே வருடம். மற்ற ஆறு கடைகளையும் எங்களுக்கு முன்பே மூடிவிட்டார்கள்.

பரிசைக் கொடுத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவேன் என்று குமாரவேல் சார் சொல்லியிருந்தார். கருத்தம்மாவுக்கு அவரே போன் செய்து வரச்சொன்னார்.

அவர் சட்டைப் பையில் என் அனுபவச் சான்றிதழ் மடித்து இருந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பி.எஸ்சி. இயற்பியல் முடித்து நான் சேர்ந்த முதல் வேலை. அடுத்த இடத்தில் காட்ட அந்த ஒரு தாள்தான்.

பருப்பு எங்கே போனதென்று எனக்குத் தெரியும்.

சாலைக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியின் மளிகைக் கடை. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் சொல்வார்கள். கடைக்குள் நானும் அப்படியே சொன்னேன்.

கூட்டம் சேர்ப்பதற்காகக் கம்பெனி பருப்பை மண்டி விலைக்கும் கீழே விற்றது. ஆளுக்கு இரண்டு கிலோதான் என்று போர்டு. அண்ணாச்சி வாரத்தில் ஆறு நாள் ஐந்து பெண்களை அனுப்பினார். எல்லோரும் அவர் கடைக்குப் பின்னால் லைன் வீடுகளில் இருப்பவர்கள். வாங்கி வந்த பாக்கெட்டுகளைப் பிரித்துச் சாக்கில் கொட்டி, நூறு கிராம், நூறு கிராமாக விற்றார்.

எங்கள் கிலோ பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனவர்களும், எதிரே போய் அதே பருப்பைத்தான் வாங்கினார்கள்.

ஐந்து பேருக்கும் தனித்தனியாக பாயின்ட் கார்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பாயின்ட் சேர்ந்தால் குக்கர் என்று கேள்விப்பட்டு, அவர்களில் ஒருவரான கருத்தம்மா தன் ஒரே கார்டை மற்ற நால்வரிடமும் கொடுத்து அனுப்பினார். அத்தனை பில்லும் என் கவுண்டரில். வேண்டாம் அக்கா என்று ஒருநாள் சொல்லியிருக்கலாம். பில்லைத்தான் போட்டேன்.

கருத்தம்மா பட்டுச்சேலையில் வந்தார். தலை நிறையப் பூ. என்னைத் தெரியாதவர்போல் பார்த்தார்.

குமாரவேல் சார் குக்கரை எடுத்தார். கொடுக்கவில்லை. தாளைப் பார்த்தார்.

"ஏனுங்க அக்கா, ஊட்டுல எத்தனை பேருங்க?"

"நானும் எம் மவனும்தான் சார். அவனுக்குப் பருப்புன்னா உசுரு."

பக்கத்துக் கவுண்டர் ரோஸ்மேரி துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தப் பையன் பருப்பிலேயே குளிப்பான் போல என்று என் காதில் முணுமுணுத்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாளின் வலது ஓரத்தில், ஒவ்வொரு பில்லுக்கும் நேராக, என் பெயர் இருந்தது. சான்றிதழ் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

குமாரவேல் சார் தாளை நான்காக மடித்தார். பையனை நல்லாப் படிக்க வையுங்க என்று சொல்லிக் குக்கரை இரண்டு கையாலும் கொடுத்தார். நாங்கள் கை தட்டினோம். கருத்தம்மா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, குடத்தைத் தூக்கிப் போவதுபோல் போனார்.

ரோஸ்மேரியும் மற்றவர்களும் பை எடுக்க உள்ளே போனார்கள்.

குமாரவேல் சார் சான்றிதழை என் கவுண்டரில் விரித்துக் கையெழுத்துப் போட்டார். முத்திரையும் வைத்து, மை காயட்டும் என்று வாயால் ஊதினார். மற்ற ஆறு கடைக்கும் இப்படி ஒரு கார்டு அமையவில்லை, வாராவாரம் கம்பெனிக்கு இந்த விற்பனையைக் காட்டித்தான் எட்டு மாதம் கூடுதலாக ஓட்டினேன் என்று, எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னார்.

பிறகு சான்றிதழை என்னிடம் நீட்டினார்.

"அப்பாகிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க கண்ணு. ரெண்டு வருசம் எதுத்தாப்புல இருந்தும், ஒரு டீ சேந்து குடிக்காமப் போயிட்டோம்."

வேலைக்குக் கொடுத்த விண்ணப்பத்தில், தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் டெய்லர் என்று எழுதியிருந்தேன்.